பலகையில் யார் பெயர் எழுதுவது?

மோல்மேன், பர்மா

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். பேச்சு சூடு பிடிக்கும்போது லைன் அறுந்துவிடுகிறது. கரண்ட் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. அதோடு, செடியைப் பற்றி ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்துகிற ஆளில்லை என்பது உனக்கே தெரியும். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஆபீஸ் நேரத்தில் படிக்காதே, சாவகாசமாகப் படி.

சிங்கப்பூரில் உங்கள் கம்பெனி எடுத்திருக்கும் தோட்ட வேலையில் ஒரு மூலை மட்டும் பர்மாத் தோட்டமாக வேண்டும். அதில் என்னென்ன வைக்கலாம், பக்கத்தில் நடும் பலகையில் என்ன எழுதலாம். இவ்வளவுதானே? அம்மாவிடம் கேட்டேன். "முருங்கை வைக்கச் சொல்லுங்க, ஓரமா ரெண்டு கறிவேப்பிலை வைக்கச் சொல்லுங்க" என்கிறாள். அது யாரோ பணம் கொடுத்துப் போடும் தோட்டம் என்று எவ்வளவு சொல்லியும் அவள் மண்டையில் ஏறவில்லை. சரி, நான் நர்சரிக்காரன் புத்தியோடு சொல்கிறேன், கேள்.

பர்மா என்றதும் எல்லோரும் பதாக் மரத்தைத்தான் சொல்வார்கள். உன் முதலாளியும் இணையத்தில் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்பார். தண்ணீர்த் திருவிழா சமயத்தில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும், திடீரென்று ஒரு மழை பெய்யும், ஒரு காலையில் எழுந்து பார்த்தால் தெருவெல்லாம் மஞ்சள். அன்றைக்கு ஊர்ப் பெண்கள் எல்லார் தலையிலும் அந்தப் பூதான். மறுநாள் எல்லாம் தரையில் கிடக்கும். இதில் மாயமில்லை. மொக்கு முன்கூட்டியே தயாராகி மழைக்காகக் காத்திருக்கும். நீண்ட வறட்சிக்குப் பிறகு ஈரம் பட்டதும் சுற்றுவட்டார மரங்கள் எல்லாம் ஒரே நாளில் பூத்துவிடும். எல்லாம் சேர்ந்து பூத்தால்தான் தேனீக்கு ஒரு மரத்து மகரந்தத்தை இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோக வசதி. ஒரு மரம் மட்டும் முந்திக்கொண்டு பூத்தால் அதற்கு லாபமில்லை.

இப்போது உன் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரில் வருஷம் முழுக்க மழை. மண் காயவே காயாத இடத்தில் பதாக் எதை வைத்து நாள் பார்க்கும்? அதோடு அது பெரிய மரம், உன் மூலை தாங்காது. ஆனால் அதன் கூடப்பிறந்த மரம் உங்கள் சாலையோரங்களில் ஏற்கெனவே நிற்கிறது, நீங்கள் அங்சானா என்கிறீர்களே, அதுதான். 1967-இல் சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்கப் போகிறோம் என்று லீ குவான் யூ கிளம்பியபோது கை கொடுத்த மரங்களில் அதுவும் ஒன்று. தடித்த கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும் என்பதால் சீக்கிரத்தில் நிழல் கிடைத்தது. நாலு நாள் மழையில்லாமல் இருந்து பிறகு பெய்தால் அதுவும் மஞ்சளாகக் கொட்டும், கவனித்திருப்பாய். ஊர்ப்பக்கம் நம் முன்னோர் வேங்கை என்றார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூவைப் புலிக்குட்டி என்று மயங்கியதாகச் சங்கப் பாட்டில் வரும். செஞ்சந்தனமும் இதே வகையறா. ஆக, பதாக் கேட்டால், "வாசலுக்கு வெளியே சாலையில் நிற்கிறது, போய்ப் பாருங்கள்" என்று பலகையில் எழுதிவிடு. மரம் வைக்காமலே மரம் காட்டின கணக்கு.

அரசமரமும் வேண்டாம். இதை நான் சொல்வது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் பாகானில் பழைய கோயில்களைப் பார்த்தாயல்லவா, பறவை எச்சத்தில் வந்த ஒரு விதை செங்கல் இடுக்கில் விழுந்தால் கோபுரத்தையே பிளந்துவிடும். வாடிக்கையாளர் சுவரில் அதற்கு இடம் கொடுத்தால் உன் வேலைக்கு ஆபத்து. ஆனால் அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை மட்டும் எழுதாமல் விடாதே. கசோன் மாதத்துப் பௌர்ணமிக்கு, மே மாத வாக்கில், இங்கே பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டு ஊர்வலமாகப் போய் போதி மரத்தடியில் ஊற்றுவார்கள். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் அந்தப் பௌர்ணமியில் என்பது நம்பிக்கை. நர்சரிக்காரன் கண்ணால் பார்த்தால் இன்னொன்று தெரியும். மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய, வருஷத்திலேயே மிகக் காய்ந்த நாட்கள் அவை. மரத்துக்குத் தண்ணீர் எப்போது தேவையோ அப்போது திருவிழாவை வைத்திருக்கிறார்கள். உன் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் குடத்தோடு போவாள். பிள்ளையாரும் அரசடியில்தானே உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஊற்றினதாகவும் ஆச்சு என்பாள். யாரும் அவளை யாரென்று கேட்டதில்லை.

அப்போ எதைத்தான் வைப்பது என்கிறாயா? வருகிறேன். நீ வைக்க வேண்டியது நம் ஜில்லாவின் சொந்த மரம். ஆம்ஹெர்ஸ்டியா என்று புத்தகத்தில் இருக்கும். பூக்கும் மரங்களின் ராணி என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். கூட வேண்டுமானால் ஒரு பந்தல் போட்டு ரங்கூன் மல்லிக் கொடி. இந்த இரண்டும் உங்கள் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் சரியாக வரும்.

ரங்கூன் மல்லி எளிது. அந்தி சாயும்போது வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஜா நிறம், அதற்கடுத்து ரத்தச் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். இரவில் வெள்ளைக்கும் வாசனைக்கும் நீள உறிஞ்சியுள்ள அந்துப்பூச்சி வரும், நிறம் ஏறியதும் பகலில் தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும். ஒரே கடையில் இரண்டு ஷிப்ட் வியாபாரம். அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

ஆம்ஹெர்ஸ்டியாதான் பெரிய கதை. 1824-இல் வெள்ளைக்காரர்களுக்கும் பர்மாவை ஆண்ட ஆவா ராஜாவுக்கும் சண்டை வந்தது. 1826 பிப்ரவரியில் யாண்டபோவில் ஒப்பந்தம் எழுதினார்கள். அரக்கானும் நம் தெனாசரீம் பக்கமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அந்தச் சண்டையை நடத்திய கவர்னர் ஜெனரல் பெயர் ஆம்ஹெர்ஸ்ட் பிரபு. சண்டை ஓய்ந்த கையோடு கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவர் நத்தானியேல் வாலிக் இங்கே செடி தேடி வந்தார். டென்மார்க்கில் பிறந்த வைத்தியர், செடிப் பைத்தியம். 1827-இல் மார்ட்டபானுக்கு மேலே, சால்வின் ஆற்றுப் பக்கம், பாழடைந்த ஒரு மடத்துத் தோட்டத்தில் இந்த மரத்தைப் பூத்த கோலத்தில் பார்த்தார். பக்கத்துக் குகையில் புத்தர் சிலைகளுக்கு முன்னால் கை கையாக இந்தப் பூவைப் படைத்திருந்தார்கள். மனுஷன் கிறங்கிப் போய்விட்டார். மரத்துக்குக் கவர்னர் ஜெனரலின் மனைவி, மகள் இருவரையும் நினைத்துப் பெயர் வைத்தார். நமக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் சைக்காமிக்கும் வெள்ளைக்காரர்கள் ஆம்ஹெர்ஸ்ட் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். ஊரைப் பிடித்தவர் பெயர் ஊருக்கு, அவர் வீட்டுப் பெண்கள் பெயர் மரத்துக்கு.

இங்கேதான் நீ கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த மடத்தில் அதை நட்டது யார்? காட்டில் இந்த மரத்தை எடுத்தவர்கள் வெகு குறைவு. அதன்பின் வந்த தாவரக்காரர்கள் தேடித் தேடியும் தானாக முளைத்த மரமாக அது அகப்பட்டது விரல் விட்டு எண்ணும் தடவைதான். விதையும் லேசில் பிடிக்காது. காய் விட்டாலும் பாதி சொத்தை. அப்படியானால் எங்கோ காட்டில் பார்த்து, கிளையைப் பதியம் போட்டு, வேர் விடும்வரை ஈரம் காயாமல் பார்த்து, கோயிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய கை ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்தக் கை பிக்குவுடையதா, இந்தப் பக்கத்து மோன் இனக் குடியானவனுடையதா, ஒரு புத்தகத்திலும் கிடையாது. வாலிக் "கண்டுபிடித்தார்" என்று எழுதுகிறார்கள். பூஜைக்குப் பறித்து வைத்திருந்த பூவை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

வாலிக்கைக் குறை சொல்வதாக நினைக்காதே. அவர் செய்ததும் சாதாரண வேலையில்லை. 1830-க்கும் 1832-க்கும் நடுவில் லண்டனில் மூன்று பெரிய தொகுதிகளாக ஆசியாவின் அபூர்வச் செடிகளை வண்ணப் படங்களோடு அச்சிட்டார். தொடக்கத்திலேயே நம் மரம்தான். அந்தப் படங்களுக்கு மூலம் வரைந்தவர்கள் கல்கத்தா தோட்டத்தில் சம்பளத்துக்கு இருந்த இந்திய ஓவியர்கள். விஷ்ணுபிரசாத், கோராசந்த் என்று இரண்டு பெயர்கள் தெரிகின்றன, அதுவும் படத்தின் அடியில் பொடி எழுத்தில். முகலாயச் சிற்றோவியத்தில் பழகிய கை, வெள்ளைக்காரன் கேட்கிற மாதிரி சூல்பையைப் பிளந்தும் மகரந்தத் தாளை எண்ணியும் வரைய வேண்டியிருந்தது. அறிவியலுக்கு வேண்டிய துல்லியமும் கண்ணுக்கு வேண்டிய அழகும் ஒரே தாளில் வந்தது அப்படித்தான். இன்றைக்கும் ஒரு செடியின் அடையாளத்தைச் சரிபார்க்கப் போட்டோவை விட நல்ல கோட்டுப் படத்தைத்தான் நம்புகிறார்கள். போட்டோ ஒரு பூவைக் காட்டும், படம் அந்த இனத்தைக் காட்டும். நீ வரைவதை விட்டுவிடாதே.

அப்புறம் இங்கிலாந்தில் இந்த மரத்துக்கு ஏற்பட்ட ஆசையைப் பார். டெவன்ஷர் கோமகன் 1835-இல் தன் தோட்டக்காரர் ஜான் கிப்சனைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார், முக்கியமாக இதற்காகவே. அப்போது கண்ணாடிப் பெட்டியில் செடி அனுப்பும் முறை புதிதாக வந்திருந்தது. வார்டு என்ற லண்டன் டாக்டர் யோசித்தது. மூடிய பெட்டிக்குள் செடி விடும் ஈரமே கண்ணாடியில் படிந்து திரும்ப மண்ணில் சொட்டும், கடல் உப்புக் காற்றும் படாது. மாதக் கணக்கில் தண்ணீர் ஊற்றாமல் உயிரோடு போகும். தேயிலையும் சின்கோனாவும் ரப்பரும் நாடு விட்டு நாடு போய் உலகத்தின் தலையெழுத்தை மாற்றியதில் இந்தப் பெட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. ரப்பர் பால் எடுக்க மலாயாவுக்கு எத்தனை தமிழ்க் குடும்பம் போனது என்று உனக்குத் தெரியும். சரி, கோமகன் கதைக்கு வருவோம். செடி வந்தது, கண்ணாடி மாளிகை கட்டி வைத்தார், பூத்துக் காட்டும் பெருமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1849-இல் லண்டனுக்குப் பக்கத்தில் திருமதி லாரன்ஸ் என்ற அம்மாளின் தோட்டத்தில்தான் அங்கே முதல்முதலாகப் பூத்தது. முதல் பூங்கொத்தை விக்டோரியா ராணிக்கு அனுப்பினார்கள். குகைக்குள் புத்தருக்கு வைத்த பூ, ராணி மேஜைக்குப் போனது.

நம் வீட்டுப் பின்னால் நிற்பதைத்தான் நீ சிறுவயதில் பார்த்து "இலை செத்துப் போச்சு" என்று அழுதாய். கொழுந்து விடும்போது அப்படித்தான் இருக்கும். ஈரத் துணியைக் கொடியில் போட்டது மாதிரி பழுப்புச் சிவப்பாகத் துவண்டு தொங்கும். தொட்டால் எலும்பே இல்லாதது போல வழுக்கும். சில நாளில் காம்பு விறைத்து, நிறம் பச்சையாகி நிமிர்ந்துவிடும். இளசாக இருக்கும்போது இலையில் பச்சையத்தையும் சத்தையும் ஏற்றாமல் வைத்திருந்தால் பூச்சி கடித்தாலும் மரத்துக்கு நஷ்டம் குறைவு, அதற்கான உபாயம் இது என்கிறார்கள். பூங்கொத்து கீழ்நோக்கிச் சரம் சரமாக முழ நீளத்துக்கு மேல் இறங்கும். சிவப்பு இதழ், நுனியில் மஞ்சள் பொட்டு, பூவின் காம்பு, அதைத் தாங்கும் சிற்றிலை எல்லாமே சிவப்பு. வாசனை கிடையாது. அதனால் பாதையில் நடப்பவர் தலைக்கு மேலே சரம் தொங்கும்படி வை, தூரத்தில் வைத்தால் வீண். அடியில் வேர்ப்பகுதி எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சருகைப் பெருக்காதே, மூடாக்காக விடு. சிங்கப்பூரில் பெருக்கித் தள்ளுகிற வியாதி அதிகம், காவலாளியிடம் சொல்லி வை. இங்கிருந்து கன்று அனுப்புவதை மறந்துவிடு. தாவரச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி என்று வேலை அதிகம், பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகும் புத்தி வேண்டவே வேண்டாம். அங்கேயே கிடைக்கும், விசாரி. விதைக் கன்று என்று எவனாவது விற்றால் கொஞ்சம் யோசித்து வாங்கு. பதியம் போட்டதாக இருந்தால் நல்லது.

உரசி முகத்தில் பூசுகிற தனகா மரம் கேட்பார்கள். வேண்டாம். அது ஷ்வேபோ, பக்கோக்கு பக்கத்து வறண்ட பூமி மரம், உங்கள் மழையில் அழுகும். நம் ஊரில் மகாவில்வம் என்று சிவன் கோயிலில் வைப்பதும் இதுவும் ஒன்றேதான் என்பது இங்குள்ள தமிழர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரு கூரைக்கடியில் உரசுகிற கல்லையும் ஒரு துண்டுக் கட்டையையும் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்தால் பிள்ளைகள் உரசிக் கன்னத்தில் பூசிப் பார்ப்பார்கள். மரத்தை விட அது நன்றாக எடுபடும். பட்டையில் இருக்கும் மர்மெசின் என்ற பொருள் வெயிலின் புறஊதாக் கதிரை உறிஞ்சுகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வயலில் நாற்று நடுகிற பெண்களுக்கு ஆராய்ச்சி வருவதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

அரக்குப் பால் எடுக்கிற திட்சி மரத்தை நடவே கூடாது. சேங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் அதன் சொந்தம். பால் பட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் கொப்பளிக்கும். ஆனால் பாகான் அரக்குச் சாமான் ஒன்றை அந்தக் கூரைக்கடியில் வைக்கலாம். அதன் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. மூங்கிலைச் சீவிப் பின்னிய கிண்ணத்தில் கறுப்புப் பாலைப் பூசி, வெயிலில் காயவைக்காமல் ஈரக் கசிவுள்ள நிலவறைக்குள் வைப்பார்கள். மற்ற பூச்செல்லாம் ஈரம் போனால் காயும், இது ஈரம் இருந்தால்தான் இறுகும். பாலுக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி, காற்றிலுள்ள ஈரத்தின் துணையோடு அதைக் கெட்டியாக்குகிறது. ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு. அதனால் நல்ல சாமான் ஒன்று முடிய மாதக்கணக்கில் ஆகும். அப்புறம் எழுத்தாணியால் கீறி நிறம் தேய்ப்பார்கள். 1924-இலிருந்தே பாகானில் இதற்கு அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மலிவுச் சாமானில் நிறம் மட்டும்தான் இருக்கும், விளிம்பை விரலால் அமுக்கிப் பார். நல்லது வளைந்துவிட்டுத் திரும்பும்.

நீ மேமியோ தாவரத் தோட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதைப் பார்த்துத்தானே உனக்கு இந்தத் தொழிலில் ஆசை வந்தது. 1915-இல் அலெக்ஸ் ரோஜர் என்ற வன அதிகாரி ஆரம்பித்த இடம் அது. ஏரியையும் தரையையும் சீர்படுத்தியதில் முதல் உலகப் போரில் பிடிபட்ட துருக்கிக் கைதிகளின் உழைப்பு சேர்ந்திருக்கிறது. வடிவம் கொடுத்தவர் சார்லட் வீலர் கஃப் என்ற அம்மாள். அயர்லாந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பொதுப்பணித் துறைப் புருஷனோடு 1897-இல் பர்மா வந்தவர். கல்லூரியில் தாவரவியல் படித்தவரில்லை. போகிற இடமெல்லாம் நீர்வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூக்களை நேரில் பார்த்து வரைந்தார். சின் மலையில் விக்டோரியா சிகரம், 3,000 மீட்டருக்கு மேல், அங்கே ஏறி மஞ்சள் பூ பூக்கும் ரோடோடென்ட்ரான் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குப் பர்மா பெயரையே வைத்தார்கள், இன்னொரு வெள்ளைப் பூ இனத்துக்கு அந்த அம்மாளின் பெயர். செடிகளை டப்ளினில் இருக்கும் கிளாஸ்னெவின் தாவரத் தோட்டத்துக்கு அனுப்பினார். அவர் வரைந்த படங்களும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. 1921-இல் ஊருக்குப் போய்விட்டார். கிட்டத்தட்ட நூறு வயது வரை இருந்து, 1967-இல் காலமானார்.

அவருக்குக் கூடை சுமந்தவர்களும் குழி தோண்டியவர்களும்? என் தாத்தாவை, அதாவது உன் பூட்டனை, அந்த வரிசையில்தான் நான் வைக்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த ஊரில் ஒரு துரை பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். ரோஜாவுக்கு எப்போது கவாத்து பண்ணுவது, ஆர்க்கிடைத் தேங்காய் மட்டையில் எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் அவர் என் அப்பாவுக்குச் சொல்லி, அப்பா எனக்குச் சொன்னதுதான். நான் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. பங்களாத் தோட்டத்தில் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கிய பூவெல்லாம் துரைசானி பெயரில் போனது. தாத்தாவுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று தெரியாது. பரிசு கிடைத்த வருஷம் ஒரு கம்பளி கிடைக்கும் என்று மட்டும் சொல்வார்.

உன் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சிங்கப்பூரின் தேசியப் பூ, வாண்டா மிஸ் ஜோக்கிம். அதன் தாய் தகப்பன் இரண்டில் ஒன்று நம் பர்மாக் காட்டிலும் வளரும் ஆர்க்கிட், பென்சில் மாதிரி உருண்டை இலை உள்ளது, நம் பந்தலில் கூட இருக்கிறது. மற்றது மலாயாப் பக்கத்துச் சதுப்பில் வளர்வது. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண் தன் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார். 1893-இல் தாவரத் தோட்டத் தலைவர் ரிட்லி அதைப் பதிவு செய்தபோது, அந்தப் பெண் கலப்புச் செய்து உண்டாக்கினார் என்று தெளிவாகவே எழுதினார். 1899-இல் பூக் கண்காட்சியில் முதல் பரிசும் கிடைத்தது, அதே வருஷம் அந்தப் பெண் இறந்தும் போனார். அப்புறம் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஏதோ வண்டு கலந்துவிட்டது, இவர் மூங்கில் புதரில் தற்செயலாகப் பார்த்து எடுத்தார் என்றார்கள். பல காலம் அதுவே பாடமாகவும் ஓடியது. வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண் குச்சியால் மகரந்தம் தொட்டு வைத்துக் காய் பிடிக்கவைத்தாள் என்றால் நம்புவதற்கு அவ்வளவு கஷ்டம். ஆர்க்கிடில் மகரந்தம் தூளாக இராது, இரண்டு சின்ன உருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பல் குத்தும் குச்சியால் எடுத்து இன்னொரு பூவில் வைப்பதை நான் உனக்குப் பத்து வயதிலேயே காட்டியிருக்கிறேன். அண்மையில்தான் சிங்கப்பூர் அரசு அந்தப் பெருமையை அவருக்கே திருப்பிக் கொடுத்தது. நம் மூலைக்கு இந்த ஆர்க்கிடையும் ஒரு கம்பத்தில் ஏற்றிவிடு. பாதி பர்மா, பாதி மலாயா, இடமோ சிங்கப்பூர். உன் முதலாளிக்குப் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்லவா வேண்டாமா என்று யோசித்தேன். தன்பியூசயாத் கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைக் கூட்டிப் போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில்பாதையில் செத்த சிப்பாய்கள் 3,700 பேருக்கு மேல் அங்கே படுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் பூச்செடி, புல் மட்டமாக வெட்டியிருக்கும். முதல் உலகப் போரின்போதே இந்த மாதிரிப் போர்க் கல்லறைகளில் என்ன செடி வைப்பது என்று லண்டன் கியூ தாவரத் தோட்டத்து ஆர்தர் ஹில் யோசனை சொல்லியிருக்கிறார். சொந்த ஊர்த் தோட்டத்தில் கிடப்பது போல இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதே பாதையில் மலாயா எஸ்டேட்டுகளிலிருந்து இழுத்து வரப்பட்டு, காலராவிலும் காய்ச்சலிலும் செத்த நம் ஆட்கள் பல்லாயிரம். அவர்களுக்குக் கல்லும் இல்லை, செடியும் இல்லை. ஒரு மனுஷன் இருந்தான் என்பதற்குத் தோட்டம் எவ்வளவு பெரிய சாட்சி என்பதை அங்கே நிற்கும்போதுதான் நான் புரிந்துகொண்டேன்.

அதனால் பலகை விஷயத்தில் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லத்தீன் பெயரைப் போடு, அது இல்லாமல் உலகத்தில் யாரும் யாரோடும் செடி பேச முடியாது. பெயர் வைத்தவரையும் போடு. அதோடு ஒரு வரி, இந்த மரத்தை மோன் நாட்டு மடத்தில் யாரோ வளர்த்துவைத்திருந்தார்கள், அதனால்தான் உலகத்துக்குக் கிடைத்தது என்று எழுது. ஆர்க்கிடுக்குப் பக்கத்தில் ஆக்னஸ் ஜோக்கிம் தன் கையால் கலந்தது என்று தெளிவாக எழுது. முடிந்தால், உன் கம்பெனி சம்மதித்தால், குழி வெட்டி நடப்போகிற ஆட்களின் பெயரையும் அடியில் சின்னதாகப் போடப் பார். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பையன்களும் பங்களாதேஷ் பையன்களும் இருப்பார்கள் என்றாய். பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, விஷ்ணுபிரசாத்துக்கும் அப்படித்தானே கிடைத்தது. முதலாளி முகம் சுளித்தால் விட்டுவிடு, வேலை முக்கியம்.

தபியே இலையை மறந்துவிட்டேனே. நாவல் குடும்பத்துச் செடி. இங்கே வெற்றிக்கும் வரவேற்புக்கும் பூஜைக்கும் அதுதான். முழுத் தேங்காயை உடைக்காமல் நடுவில் வைத்து, சுற்றி மூன்று சீப்பு வாழைப்பழம் வைத்து, தபியே கொத்தைச் செருகினால் பர்மியர் வீட்டுப் பூஜைத் தட்டு. தேங்காயை உடைத்தால் நம் வீட்டுத் தட்டு. திறப்பு விழாவுக்கு யாராவது பூஜை கேட்டால் உனக்கு இரண்டும் தெரியும். வேலி ஓரம் வரிசையாக இரண்டடிக்கு ஒன்று நட்டு கத்தரித்துக்கொண்டே இரு, கொழுந்து சிவப்பாக வந்துகொண்டே இருக்கும்.

இப்போது நீ எனக்கு எழுத வேண்டியது இதுதான். மூலையின் நீள அகலம், காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, கீழே ஜல்லி எத்தனை அடிக்குக் கொட்டி மூடியிருக்கிறார்கள். கட்டடக்காரர்கள் விட்டுப்போன மண்ணில் சிமென்ட் கலந்திருக்கும், இரண்டடிக்காவது தோண்டி எடுத்துவிட்டு நல்ல மண் போடச் சொல். அதற்குக் காசு தர மாட்டேன் என்றால் ஆம்ஹெர்ஸ்டியாவை வைக்காதே, ரங்கூன் மல்லியோடு நிறுத்திக்கொள். இளம் கன்றுக்கு நிழல் வலை எவ்வளவு நாள் வேண்டும் என்பதை இடத்தைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். நாலு போட்டோ எடுத்து அனுப்பு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று இருக்கட்டும்.

அம்மா உனக்குத் தனகாக் கட்டையும் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா